புதுப்பிப்பு: பிக்கப்பில் நானே கட்டிய கேம்பர், முதல் குளிர் இரவுக்குப் பின்

ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் ஆறரை அடித் தளத்தில், கூரை மேலெழும் கேம்பர், அதாவது பயணத்தில் படுத்துறங்கும் கூடு, ஒன்றை ஒட்டுப்பலகையும் கேன்வாஸும் கொண்டு கட்டி வருவதாகச் சென்ற கோடையில் எழுதியிருந்தேன். காரின் டிக்கிக் கதவைத் தாங்குவது போன்ற கேஸ் ஸ்ட்ரட்டுகள் நான்கு இருந்தால் கூரைக்குப் போதும் என்று அடித்துச் சொன்னவனும் நானே, அது தவறு.

கொலராடோவின் கிரேட் சாண்ட் டியூன்ஸ் அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில், அக்டோபர் இரவொன்றில் குளிர் மைனஸ் 5 டிகிரிக்கு இறங்கியபோது, கூரை ஓசையின்றித் தாழ்ந்து, விடியலில் என் மூக்குக்கு ஒரு சாண் மேலே நின்றது. ஸ்ட்ரட்டினுள் அடைத்த நைட்ரஜனின் அழுத்தம் ஒவ்வொரு 10 டிகிரிக் குளிர்ச்சிக்கும் ஏறக்குறைய 3.5 சதவீதம் குறையும். 25 டிகிரியில் வீட்டு வாசலில் சோதித்த நான் அந்தப் பத்து சதவீத இழப்பைக் கணக்கில் கொள்ளவில்லை, போதாக்குறைக்குப் பிறகு ஏற்றிய 7 கிலோ சோலார் பலகையும் சேர்ந்துகொண்டது. இன்னும் வலுவான ஸ்ட்ரட்டைப் பொருத்தலாம்தான், ஆனால் கூரையை இழுத்து மூடுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஆகவே நான்கு மூலைகளிலும் அலுமினியக் குழாயை முட்டுக்கொடுத்து, துளையில் முளையைச் செருகிவிட்டேன்.

கேன்வாஸ் ஒழுகவில்லை. ஆயினும் இருவரின் மூச்சு ஈரம் மெத்தையின் அடிப்புறத்தை நனைத்திருந்தது; அடியில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து, சன்னலை இரு விரற்கடை திறந்து வைத்த பின், அடுத்த பயணத்தில் அது காய்ந்தே இருந்தது.