கொழுப்பு மாத்திரை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மாம்பலத்துவாசி

ஆறு மாதம் ஆகிவிட்டது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அலுவலகத்தில் வருஷா வருஷம் எடுக்கச் சொல்லும் மாஸ்டர் செக்கப்தான். எனக்கு 43 வயது. எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 192 என்று வந்தது. ரிப்போர்ட்டில் அந்த ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

டாக்டர் அதைப் பார்த்தார், ரோசுவாஸ்டாட்டின் 10 என்று ஒரு கொழுப்பு மாத்திரையை எழுதினார், அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தார். நான் எழுந்துகொண்டே கேட்டேன், "எத்தனை நாளைக்கு சார்?" அவர் நிமிரவில்லை. "எப்பவும்தான்மா."

அவ்வளவுதான். என் அப்பா 51 வயதில் நெஞ்சுவலியில் போனவர். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே வந்து துரைசாமி சுரங்கப்பாதை வரைக்கும் நடந்தே வந்தேன், அந்த "எப்பவும்தான்" காதிலேயே இருந்தது. அட்டை 19 நாள் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. அப்புறம் ஒரு ராத்திரி, யாரிடமும் சொல்லாமல், போட்டேன். ஆறு வாரம் கழித்து எல்டிஎல் 104. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் தினமும் மாத்திரையைக் கையில் எடுக்கும்போது அந்த மணிச் சத்தம் கேட்கிறது. உங்களுக்கெல்லாம் எப்படி இருந்தது?

பெரம்பூர்க்காரன்

எனக்கு இதே வகையில் அடோர்வாஸ்டாட்டின் 20. மூன்றாவது மாதம். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் இரண்டு தொடையும் கல் மாதிரி ஆகிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கீழே என் வண்டி வந்து நின்று, கிளம்பியும் போகிறது. பின்னால் வந்த ஒரு பையன் "ஏறுங்க சார்" என்று என் பையை வாங்கிக்கொண்டான். 48 வயதில் இன்னொருவர் என் பையைத் தூக்கினார். அதுதான் மறக்கவே இல்லை.

அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினேன். டாக்டரிடம் போனபோது சிபிகே, அதாவது தசை பாதிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை, பார்த்தார்கள், 640. அதிகம். கூடவே தைராய்டும் பார்க்கச் சொன்னார் அந்த டாக்டர் அம்மா. தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்ஹெச் 18. தைராய்டு குறைவாக இருந்தால் கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும், அதன்மேல் இந்த மாத்திரையும் சேர்ந்தால் வலி இன்னும் அதிகமாகும் என்று படம் போட்டு விளக்கினார். தைராய்டு மாத்திரை தொடங்கி மூன்று மாதம் கழித்து ரோசுவாஸ்டாட்டின் 5 மட்டும் கொடுத்தார். இப்போது படி ஏறுகிறேன். முதல் தடவை மாத்திரை எழுதியவர் ஒரு டிஎஸ்ஹெச் பார்த்திருந்தால் போதுமே என்பதுதான் என் ஆதங்கம்.

முகப்பேர் மேற்கு

இரண்டு பேருக்கும் வணக்கம். நான் மாத்திரை போடவில்லை, போடப் போவதும் இல்லை. எனக்கு எல்டிஎல் 148. வேறு ஒரு நோயும் இல்லை, சிகரெட் இல்லை. டாக்டர் என் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரைச் சீட்டை நீட்டினார். "மூணு மாசம் டைம் குடுங்க சார், நான் நடந்து பார்க்கறேன்" என்றேன். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் தாத்தா தினமும் நெய் ஊற்றிச் சாப்பிட்டு 88 வரை இருந்தார். எடுத்த உடனே ஒரு ரசாயனத்தை உடம்புக்குள் விடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. கல்லீரல் என்ன ஆகும் என்ற பயமும் உண்டு.

செங்கல்பட்டு மகள், இப்போது வேளச்சேரி

முகப்பேர் அண்ணா, உங்கள் 148க்கு மூன்று மாதம் கேட்டது சரிதான். ஆனால் தாத்தா கதையை மட்டும் விட்டுவிடுங்கள். என் அப்பாவும் அவருடைய தாத்தாவைத்தான் காட்டினார்.

அப்பாவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. கொழுப்பு மாத்திரையை மட்டும் ஒரு வருஷமாகத் தொடவில்லை. "சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, இது எதுக்கு மூணாவதா" என்பார். போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது விடிகாலை நாலரைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போனோம். இசிஜி எடுத்தார்கள். நர்ஸ் அம்மா ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்து அவர் உள்ளங்கையில் கொட்டினார். மொத்தம் 14 மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, மீதி 8. நான் அந்த எட்டு என்ன என்று கேட்டேன். "அடோர்வாஸ்டாட்டின்மா, கொழுப்பு மாத்திரை" என்றார். 10 மில்லிகிராம் எட்டு, ஆக 80. அரசாங்கத்தின் இதயம் காப்போம் திட்டத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்னால் இப்படிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

ஒரு வருஷம் ஒன்றுகூட வேண்டாம் என்ற அப்பா, எட்டையும் ஒரே மடக்கில் தண்ணீரோடு விழுங்கினார். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை.

இப்போது நன்றாக இருக்கிறார். சென்னையில் சென்ட்ரல் எதிரே இருக்கிற ஜி.எச்.சில்தான் மாதா மாதம் மாத்திரை வாங்குகிறோம், காசு கிடையாது. தினமும் ராத்திரி அவரே போட்டுக்கொள்கிறார், நான் ஞாபகப்படுத்த வேண்டியதே இல்லை.

அப்புறம், "ரசாயனம்" என்றீர்களே. இந்த வகை மருந்தின் முதல் மூலக்கூறை ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி 1970களில் ஒரு பூஞ்சையில் இருந்துதான் எடுத்தார். அதுவும் அரிசியில் வளர்ந்த பூஞ்சை. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்துக் கிடைத்த ஒன்று. 2024இல் தான் அவர் காலமானார்.

நங்கநல்லூர் அத்தை

எல்லோருடைய பதிவையும் படித்தேன். என் வீட்டுக்காரருக்கு நடந்தது சின்ன விஷயம். காலையில் நடக்கப் போகிற பூங்கா வாசலில் அருகம்புல் ஜூஸ், வாழைத்தண்டு ஜூஸ் விற்கிறார்கள் அல்லவா, அங்கே ஒருவர் "இதை 48 நாள் குடிங்க சார், மாத்திரையைத் தூக்கிப் போட்டுடலாம்" என்று சொல்லியிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து முழு அட்டையையும் என் கண்ணெதிரே குப்பைத்தொட்டியில் போட்டார். நான் உடனே எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுதும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தால், மாத்திரைக்கு முன்னால் இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டது எண். அதன் பிறகு மாத்திரையை விடவில்லை.

ஆனால் மாத்திரை போட்டால் என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். நம் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பைத்தான் மாத்திரை குறைக்கிறது. நாம் கூடவே பாமாயிலில் பொரித்துக்கொண்டே இருந்தால் அது எவ்வளவுதான் இழுத்துப் பிடிக்கும்? ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயெண்ணெயில் அதைவிட மிக அதிகம். ஆகவே தாளிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பஜ்ஜி பொரித்த எண்ணெயை மறுநாள் தோசைக்கு ஊற்றுகிற வழக்கத்தை முதலில் விடுங்கள். மாமியார் சொன்னாலும் விடுங்கள்.

சாதத்தைக் குறைத்தால் டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு ரத்தக் கொழுப்பு குறையும், அது எங்கள் வீட்டில் கண்ணால் பார்த்தது. கொத்தவரங்காய், அவரைக்காய், வெண்டைக்காய், பயறு, ஓட்ஸ் எல்லாம் நார்ச்சத்துக்காக. கொண்டைக்கடலை சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் என்று வைக்காமல் வாரம் மூன்று நாள் செய்யுங்கள். வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிடுகிறேன், நல்லதுதான், ஆனால் அது மாத்திரைக்குப் பதில் ஆகாது. முந்திரி வேண்டாம் என்று பயப்படுபவர்களுக்கு: நாலு பருப்பு ஒன்றும் செய்யாது, அதை நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போடுவதுதான் பிரச்சினை. மாம்பலம் பெண்ணே, நீ ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்.

அடையாறு நடைக்குழு

பெரம்பூர்க்காரருக்கு ஒரு விஷயம். லண்டனில் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் 2020இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வலி தாங்காமல் இந்த மாத்திரையை நிறுத்திய 60 பேரை எடுத்துக்கொண்டு, சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லாமல் விட்டார்கள். எது நிஜம், எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. எதிர்பார்ப்பே வலியாகிறது. எனக்கும் முதல் மாதம் முழங்கால் வலித்தது, இதைப் படித்ததும் நின்றுவிட்டது.

பெரம்பூர்க்காரன்

ஐயா, என் சிபிகே 640 என்று எழுதியிருக்கிறேன். எதிர்பார்ப்பினால் ரத்தத்தில் அந்த எண் ஏறாது. அந்த ஆய்வு உண்மையாகவே இருக்கட்டும், பலருக்குப் பொருந்தும். ஆனால் நான் பாதிப் படியில் நின்றபோது கூட இருந்தது நீங்கள் இல்லை. வலி என்று ஒருவர் சொன்னால் முதலில் சோதித்துப் பாருங்கள், அப்புறம் மனசு என்று சொல்லுங்கள்.

கொளத்தூர் மகன்

பெரம்பூர் சாருக்கு நான் ஆதரவு. அம்மாவுக்கு 68. அடோர்வாஸ்டாட்டின் 40 நாலு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் போட்டுக்கொண்டிருந்தார். சளி கட்டி, தெருமுனை கிளினிக்கில் காட்டினோம். "வேற என்ன மாத்திரை போடறீங்க?" என்று கேட்டார்கள். அம்மா "சுகருக்கு மட்டும்தான்" என்றார். நான் பக்கத்திலேயே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார்கள்.

அஞ்சாம் நாள் தொடை, தோள் எல்லாம் வலி. காலையில் அம்மா கழிவறையில் இருந்து கூப்பிட்டு, "இங்க வந்து பாருடா, கடுங்காப்பி மாதிரி போகுது" என்றார். அந்த நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தசை உடைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று சொல்லி அட்மிட் செய்து நாலு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது. அந்த ஆன்டிபயாடிக், அடோர்வாஸ்டாட்டின் உடம்பில் இருந்து வெளியேறுவதைத் தடுத்துவிடும் என்று அங்கேதான் தெரிந்தது. இப்போது அம்மாவின் எல்லா மாத்திரைப் பெயரும் என் பர்ஸில் ஒரு சீட்டில் இருக்கிறது.

மருந்துக்கடை கவுன்டர், 22 வருடம்

இந்தச் சீட்டு விஷயத்துக்காகவே எழுதுகிறேன். எங்கள் கடைக்கு வரும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் எப்போதும் "நாலு மட்டும் கட் பண்ணிக் குடுங்க" என்பார். கையில் இருக்கிற காசுக்கு அவ்வளவுதான். ஒருநாள் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கவுன்டரில் பிரித்து வைத்தார். வெட்டின துண்டுகள். பாதியில் பெயர் இல்லை, தேதி இல்லை. "எது எதுக்குன்னு மறந்துட்டேன் சார்." ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு துண்டு வேறு வேறு கம்பெனி, இரண்டுமே அடோர்வாஸ்டாட்டின் 20. வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டு மாதமாக இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். அதில் ஒன்று என் கடையில் வெட்டியது.

அன்றிலிருந்து நான் துண்டு வெட்டினால் உறையின்மேல் மருந்தின் பெயரை, கம்பெனிப் பெயரை அல்ல, தமிழில் எழுதித்தான் கொடுக்கிறேன். தேதி இருக்கிற ஓரத்தைக் கடைசி வரை வெட்டுவதில்லை. காசு கஷ்டம் என்றால் மக்கள் மருந்தகம் இருக்கிறது, 2025இல் திறந்த முதல்வர் மருந்தகமும் இருக்கிறது, அங்கே விலை குறைவு. என் வியாபாரம் போனாலும் பரவாயில்லை, முழு அட்டையாக வாங்குங்கள்.

ஓஎம்ஆர் 29

எனக்கு 29 வயது. அம்மாவின் இமைமேல் மூக்குப் பக்கமாக மஞ்சளாகத் திட்டு உண்டு. அக்கா கல்யாணத்துக்கு முன்னால் அதை எடுத்துவிடலாம் என்று தோல் டாக்டரிடம் போனோம். அவர் திட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "முதல்ல கொலஸ்ட்ரால் பாருங்க" என்றார். அம்மாவுக்கு எல்டிஎல் 260. "பசங்களுக்கும் பாருங்க." எனக்கு 238. அக்காவுக்கு 110.

அந்தத் திட்டு இருக்கிற எல்லோருக்கும் கொழுப்பு இருக்காதாம், எங்கள் வீட்டில் இருந்தது. பரம்பரையாக வருவது, பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "உனக்கு நான் இதையா குடுத்தேன்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை, ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மாம்பலம் அக்கா, அப்பா 51இல் போனார் என்கிறீர்கள், உங்களுக்கு 192. கூடப் பிறந்தவர்கள் பார்த்துவிட்டார்களா?

முகப்பேர் மேற்கு

செங்கல்பட்டு சகோதரி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என் நிலைப்பாடு மாறவில்லை, மூன்று மாதம் நடப்பேன். ஆனால் அதன் முடிவில் ரத்தம் பார்ப்பேன், குறையவில்லை என்றால் வேறு டாக்டரிடம் உட்கார்ந்து பேசுவேன். கல்லீரல் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மருந்துக்கடை கவுன்டர், 22 வருடம்

தொடங்குவதற்கு முன்னால் கல்லீரல் என்சைம் ஒரு தடவை பார்ப்பார்கள் சார். பெரிதாகப் பாதிப்பு வருவது மிக அபூர்வம். சுகர் எல்லையில் இருப்பவர்களுக்குத்தான் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாம்பலத்துவாசி

ஓஎம்ஆர் தம்பி கேட்டதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பார்க்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. என் தம்பிக்கு 39, போரூரில் இருக்கிறான். இப்போதுதான் போன் செய்தேன். "எனக்கு எதுக்குக்கா, நான் ஒல்லியாத்தானே இருக்கேன்" என்றான். ஒல்லி, குண்டு கணக்கு இதற்குக் கிடையாது என்று சொன்னேன். அப்பாவும் ஒல்லிதான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. சனிக்கிழமை காலை வருகிறான்.

பரணில் இருந்து அப்பாவின் பழைய ஃபைலை இறக்கி வைத்திருக்கிறேன். உள்ளே இசிஜி தாள் மங்கிப்போய் இருக்கிறது, தேதி மட்டும் தெரிகிறது.