புரொப்பேனை விட்டுப் பெலட் அடுப்புக்கு மாறலாமா? (ஒன்ராறியோ, வாயுக் குழாய் இல்லாத இடம்)

வடலி:
வீடு பீற்றர்பரோவுக்கு வடக்க. 1,400 சதுர அடி, ஒரு தட்டு, கீழ பேஸ்மென்ற். இயற்கை வாயு எங்கட றோட்டுக்கு வரேல்லை. வீட்டைச் சூடாக்க இப்ப புரொப்பேன் ஃபர்னஸ்தான். விறகு வெட்டி அடுக்க ஆளில்லை, அதால பெலட் (மரத்தூளை இறுக்கிச் செய்யிற சின்ன உருளைகள்) எரிக்கிற அடுப்பைப் பற்றி யோசிக்கிறம். தெரிஞ்ச ஆக்கள் மூண்டு விசயம் சொல்லுங்கோ. செலவு உண்மையாக் குறையுமா? ஹோலில இருக்கிற பழைய செங்கல் புகைக்கூண்டுக்குள்ளால குழாயை விடலாமா? புயலுக்கு ஹைட்ரோ (கரண்ட்) போனால் என்ன நடக்கும்?

சாம்பல்வாளி:
விலை மாசத்துக்கு மாசம் மாறும், அதால டொலரில கணக்குப் பார்க்காதேங்கோ. ஒரு பை பெலட் எதுக்குச் சமம் எண்டு பாருங்கோ. 40 இறாத்தல் பை எண்டால் 18 கிலோ. கிலோவுக்கு ஏறத்தாழ 4.8 கிலோவாற் மணி வெப்பம், அடுப்பின்ர திறன் 75–80 வீதம் எண்டு வைச்சால் அறைக்குள்ள வாறது 67 கிலோவாற் மணி அளவு. அதே சூட்டுக்குப் புரொப்பேன் 10 லீற்றருக்குக் கொஞ்சம் மேல வேணும். எண்ணெய் ஃபர்னஸ் எண்டால் 7.5 லீற்றர், சுவரடியில பூட்டுற கரண்ட் பேஸ்போர்ட் ஹீட்டர் எண்டால் அதே 67 யுனிற் கரண்ட். ஒரு பையின்ர விலை 10 லீற்றர் புரொப்பேனை விடக் குறைவா எண்டு பில்லை எடுத்துப் பாருங்கோ. வித்தியாசம் ஒரு டொலர்தான் எண்டால் விட்டிடுங்கோ, பை தூக்கிற வேலைக்கே அது காணாது.

இயற்கை வாயு 7 கன மீற்றருக்குள்ள அதே சூட்டைத் தரும். அதனால வாயுக் குழாய் இருக்கிற வீட்டில பெலட் அநேகமா எடுபடாது. ஹீட் பம்ப் (வெளிக் காத்தில இருந்து சூட்டை எடுத்து உள்ள விடுற கரண்ட் மெசின்) போட வசதியிருந்தால் அதையும் விலை கேட்டுப் பாருங்கோ. கடுங்குளிர் இல்லாத நாளில ஒரு யுனிற் கரண்டுக்கு ரெண்டரை, மூண்டு மடங்கு சூடு தரும்.

இன்னொண்டு. பெலட் அடுப்பு முழு வீட்டையும் சூடாக்காது. நிக்கிற அறை சுடும், கடைசி அறை குளிரும். குளிர் அறை வாசலில ஒரு சின்ன மேசை விசிறியை நிலத்தில வைச்சு, குளிர்க் காத்தை அடுப்புப் பக்கம் தள்ளினால் சூடு மேலால திரும்பி வரும். சூட்டைத் தள்ளப் பார்க்கிறதை விட இது நல்லா வேலை செய்யும்.

ஃபர்னஸின்ர தெர்மோஸ்டற் அடுப்பிருக்கிற அறையில இருந்தால் கவனம். அறை சூடாயிருக்க ஃபர்னஸ் ஓடாது, பேஸ்மென்றில தண்ணிக் குழாய் உறையும். தெர்மோஸ்டற்றை வேற இடத்துக்கு மாத்துங்கோ.

மூண்டங்குலம்:
புகைக்கூண்டுக் கேள்விக்கு வாறன். செங்கல் கூண்டுக்குள்ள வெறுமனே விடக்கூடாது. கீழ இருந்து மேல மட்டும் துருப்பிடிக்காத உருக்கு லைனர் (உள்குழாய்) போட வேணும். பெலட் புகை சூடு குறைஞ்சது, அகலமான குளிர்ந்த கூண்டுக்குள்ள ஏறாமல் நிண்டு ஈரமாகிச் சாம்பலைப் படிய வைக்கும். உங்கட வீட்டுக்கு வெளிச்சுவர் கிட்ட எண்டால் சுவரால எடுக்கிறது லேசு.

குழாய், பெலட்டுக்கெண்டே வாற இரட்டைச் சுவர் வென்ற் ஆக இருக்க வேணும். உடுப்புக் காய வைக்கிற மெசினின்ர குழாயும், வாயு அடுப்புக்குப் போடுற அலுமினியக் குழாயும் ஆகாது. அடுப்புக்குள்ள இருக்கிற விசிறி புகையைத் தள்ளுது, அதால குழாய்க்குள்ள அழுத்தம் வெளியை விடக் கூட. இணைப்பில மயிரிழை இடைவெளி இருந்தாலும் புகை வீட்டுக்குள்ளதான் வரும். ஒவ்வொரு மூட்டுக்கும் சூடு தாங்கிற சிலிக்கன் பூசுங்கோ.

குழாயின்ர விட்டம் 3 அங்குலமா 4 அங்குலமா எண்டதுக்கு ஒரு கணக்கு இருக்கு: 90 பாகை வளைவு 5 அடி, 45 பாகை வளைவு 3 அடி, படுக்கைக் குழாய் அடிக்கு 1, நிமிர்ந்தது அடிக்கு அரை. கூட்டி 15 அடியைத் தாண்டினால் 4 அங்குலம். அடுப்புக்குப் பின்னால நேர் வளைவு வைக்காமல், சாம்பல் விழுந்து எடுக்கக்கூடிய மூடியோட ‘ரீ’ (T வடிவத் துண்டு) வையுங்கோ. குழாயின்ர வெளி வாய், திறக்கிற யன்னலுக்குக் கீழ அல்லது பக்கத்தில எண்டால் 4 அடி தள்ளி, மேல எண்டால் 1 அடி உயர்த்தி. ஸ்னோ குவியிற மட்டத்தை விட உயரமா இருக்க வேணும். அடுப்பின்ர கையேடு இதை விடக் கடுமையாச் சொன்னால் அதுதான் சட்டம்.

வேலை முடிய ‘வெற்’ (WETT, விறகு, பெலட் அடுப்பு வேலைக்கான பயிற்சிச் சான்று) உள்ளவரைக் கூப்பிட்டுப் பார்வையிடச் செய்யுங்கோ. காப்புறுதிக் கொம்பனியள் அந்த அறிக்கையைத்தான் கேக்கிறவை. வாங்க முதலே அவையளுக்கு ஒரு கோல் எடுங்கோ.

சாம்பல்வாளி:
ஹைட்ரோ போனால் புகை விசிறி நிக்கும், பெலட் வாறதும் நிக்கும். ஆனால் பெலட் எரியிற பாத்திரத்தில இருக்கிற தணல் எரிஞ்சுகொண்டுதான் இருக்கும், அந்தப் புகை அறைக்கு வரும். அதுக்கு மருந்து ரெண்டு. ஒண்டு, குழாயில 3 முதல் 5 அடி நிமிர்ந்த பகுதி, தானா இழுக்கும். மற்றது, வெளிக் காத்துக் குழாய். அடுப்பு எரிய வேண்டிய காத்தை வெளியால எடுத்தால் இறுக்கமான வீட்டில புகையைப் பின்னுக்கு இழுக்காது.

ஓடேக்க 100–150 வாற் போதும், பத்த வைக்கேக்கதான் பத்தவைப்பான் சில நிமிசம் 300 வாற்றுக்கு மேல இழுக்கும். 12 வோல்ற் 100 ஆம்பியர் மணி டீப் சைக்கிள் (ஆழமா வடிய விட்டுத் திரும்ப ஏத்தக்கூடிய) பற்றறியில பாதியைப் பாவிச்சால் நாலு மணித்தியாலம் ஓடும். பற்றறிக் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்திற இன்வேட்டர் கட்டாயம் தூய சைன் அலை (pure sine wave), மலிவானதில மோட்டார் இரையும், அடுப்பின்ர கட்டுப்பாட்டு போர்ட் பழுதாகும். காபன் மொனொக்சைட் அலாரம் அடுப்பறையிலயும் படுக்கையறைப் பக்கமும்.

வடலி:
நன்றி. துப்பரவு எவ்வளவு? ‘சாம்பலே இல்லை’ எண்டு விக்கிறவை சொல்லீனம்.

சாம்பல்வாளி:
நல்ல பெலட்டில சாம்பல் ஒரு வீதத்துக்குக் கீழதான். ஆனா 50 பைக்கு, அதாவது ஒரு தொன்னுக்கு, அது சில கிலோ. அது எங்க போய்ப் படியுது எண்டதுதான் பிரச்சினை.

எரி பாத்திரத்தை ஒவ்வொரு நாளும், ஆறினாப் பிறகு சுரண்டுங்கோ. அடியில இருக்கிற ஓட்டைகள் தெரிய வேணும். சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டி மாதிரி ஒட்டியிருந்தால் பெலட்டில மண் அல்லது பட்டை கூட எண்டு அர்த்தம், வேற பை வாங்கிப் பாருங்கோ. ஒவ்வொரு தொன்னுக்கும் வெப்ப மாற்றிக் குழாயள், பின் தட்டுக்குப் பின்னால இருக்கிற சாம்பல் பொறி, புகை விசிறியின்ர இலைகள், வெளிக் குழாய் எல்லாம் கழட்டித் துடைக்க வேணும்.

சுவாலை கட்டையா, வெளிச்சமா, துள்ளி எரிஞ்சால் சரி. நீட்டா, செம்மஞ்சளாச் சோம்பி ஆடிக் கண்ணாடி கறுத்தால் காத்துப் போதாது. முதல்ல கதவு இடைவெளியை அடைக்கிற கயிறைப் பாருங்கோ: ஒரு தாளை வைச்சுப் பூட்டி இழுங்கோ, லேசா வந்தால் கயிறு மாத்த வேணும். பிறகு வெற்றிட சுவிற்சுக்கு (உள்ள இழுவை குறைஞ்சால் அடுப்பை நிப்பாட்டிறது) போற சின்ன சிலிக்கன் ரியூப்பைப் பாருங்கோ. அது அடைச்சால் அடுப்பு காரணமில்லாமல் நிக்கிற மாதிரி இருக்கும். ரியூப்பைச் சுவிற்சில இருந்து கழட்டினாப் பிறகு அடுப்புப் பக்கம் ஊதுங்கோ. சுவிற்சுக்குள்ள ஊதினால் உள்சவ்வு கிழியும்.

பத்தவே இல்லையெண்டால் பத்தவைப்பானை மல்ரிமீற்றரில பாருங்கோ. 120 வோல்ற், 300 வாற் எண்டால் 48 ஓம் கிட்ட காட்ட வேணும், முடிவிலி காட்டினால் அது செத்துப்போச்சு.

சாம்பலை வீட்டு வக்கூமால உறிஞ்சாதேங்கோ. தீப்பிடிக்க ஒரு தணல் காணும். மூடியுள்ள இரும்பு வாளியில போட்டு, மரத்தளத்தில வைக்காமல் வெளியில சில நாள் விடுங்கோ.

சூரிச்சில் இருந்து:
சுவிஸில பை 15 கிலோ, நல்ல தரம் ENplus A1 எண்ட முத்திரையில வரும். ஈரம் 10 வீதத்துக்குள்ள, சாம்பல் 0.7 வீதத்துக்குள்ள. ஒண்டு மட்டும் சொல்றன்: பெலட் சும்மா கிடக்கேக்கயே காபன் மொனொக்சைட் விடும். தொன் கணக்கில கொட்டி வைக்கிற மூடிய கிடங்குக்குள்ள இறங்கி இஞ்சயும் ஜேர்மனியிலயும் ஆக்கள் செத்திருக்கினம். பையில வைக்கிறது வேற, எண்டாலும் காத்தோட்டமில்லாத சின்னப் பேஸ்மென்ற் அறைக்குள்ள மூண்டு தொன்னை அடுக்காதேங்கோ.

மூண்டங்குலம்:
கராஜ் நல்லது. சீமெந்துத் தரையில நேரே வைக்காமல் மரப் பலகையில அடுக்குங்கோ. பையில காத்துப் போக ஊசி ஓட்டைகள் இருக்கும், மழை பட்டால் அதுக்குள்ளால தண்ணி போய் பெலட் ஊதி மரத்தூளாகும். அந்தத் தூள், பெலட்டைப் பாத்திரத்துக்குக் கொண்டுபோற திருகில இறுகினால், மோட்டாரைக் கழட்டித் திருகை இழுத்து உளியால சுரண்ட வேண்டி வரும்.