30 நிமிசச் சிலிண்டர் 12 நிமிசத்திலை விசில் அடிக்குது, அவசரம்

நெடுங்கேணிப்பொடியன் · திங்கள் இரவு 9.40
வணக்கம். சனிக்கிழமை எனக்கு பிஏ செட் (தீயணைக்கிற ஆக்கள் புகைக்குள்ள போகேக்கை முதுகிலை காவிற காத்துச் சிலிண்டரும் மாஸ்க்கும்) பரீட்சை. இண்டைக்குப் பழைய நெல் களஞ்சியத்துக்குள்ள புகை போட்டுப் பழகினனாங்கள். 30 நிமிசச் சிலிண்டர். உள்ளுக்குப் போய் 12 நிமிசத்திலை காத்து முடியப்போகுது எண்டு விசில் அடிச்சிட்டுது. என்னோடை வந்தவனுக்கு அப்ப 140 கிடந்தது. அவன் என்னை விட மொத்தம். எல்லாரும் நக்கல். காத்தை மிச்சம் பிடிக்க என்ன வழி? கெதியாச் சொல்லுங்கோ.

பரந்தன்_வாய்க்கால்
140 எண்டால் பார் எண்ட அழுத்த அலகிலையோ? சிலிண்டர் எத்தினை லீட்டர்? நீர் எத்தினையிலை தொடங்கினீர்? அவன் எத்தினையிலை தொடங்கினவன்? இது நாலும் இல்லாமல் ஆரும் ஒண்டும் சொல்லேலாது.

லீடிங்_ஓய்வு
இதே கேள்வி இங்க எத்தினை தரம் வந்திட்டுது. தேடிப் பாக்கிற பழக்கம் இந்தக் காலத்துப் பொடியளுக்கு இல்லை. தாடிதான் தம்பி. மாஸ்க்குக்குள்ள வெளியிலை விட அழுத்தம் கூட. அதாலை புகை உள்ளுக்கு வராது, ஆனா மயிர் இடுக்காலை காத்து வெளிய சீறிக்கொண்டே இருக்கும். வழிச்சுப்போட்டு வந்து கேளும்.

மாங்குளம்_மோட்டர்ஸ்
ஒட்சிசன் சரியா நிரப்பிக் குடுத்தவங்களோ? கடையளிலை குறைய நிரப்பிப்போட்டு முழுக்காசு வாங்கிறவங்கள்.

லீடிங்_ஓய்வு
ஒட்சிசன் இல்லை ஐசே! நாங்கள் இப்ப சுவாசிக்கிற அதே காத்து, அமுக்கி அடைச்சது. நெருப்புக்குள்ள ஒட்சிசனைக் காவிக்கொண்டு போறதுக்கு நாங்கள் என்ன விசரரோ?

மாங்குளம்_மோட்டர்ஸ்
கேட்டனான், அதுக்கேன் கடிக்கிறியள்.

சிலாவத்தைச்_சங்கு
நான் பதினாறு வருசமாச் சங்கு, கடலட்டை எண்டு குளிக்கிறன். தம்பி, மூச்சுத்தான் எல்லாம். ஆறுதலா இழு, ஆறுதலா விடு. புதுசா வாற பொடியள் கரையிலையே பயந்து இழுத்து டாங்கிலை கால்வாசியை முடிச்சுப்போடுவங்கள். இழுத்திட்டுக் கொஞ்சம் நிப்பாட்டி விட்டுப் பார், அரைவாசி மிஞ்சும்.

லீடிங்_ஓய்வு
நிப்பாட்டவோ? கடலிலை பழகினதைக் கடலிலை வைச்சுக்கொள்ளும். இஞ்சை ஆள் 25 கிலோ பொதியோடை ஓடுது, ஆளைத் தூக்குது. கடலுக்குள்ள நெருப்பு இருக்கோ?

சிலாவத்தைச்_சங்கு
நெருப்புக்குள்ள சுறா இருக்கோ? பத்து மீற்றர் இறங்கினா ஒவ்வொரு மூச்சுக்கும் இரட்டிப்புக் காத்துப் போகும், இருபதிலை மூண்டு மடங்கு. காத்தைக் கணக்குப் பாக்க எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. எங்கடை 12 லீட்டர் டாங்க் 200 பாரிலை 2400 லீட்டர். உங்கடை 300, 300 எண்டு பீத்திற 6 லீட்டரிலை 1800 தான்.

ரூர்_ஆத்தங்கரை
அண்ணை சொல்றது சரி, பாரை மட்டும் பாத்துப் பிரயோசனமில்லை, லீட்டராலை பெருக்கவேணும். ஆனா 300இலை காத்து அந்தளவு அமுங்காது, பத்து வீதமளவிலை கழியுங்கோ. 1600 சொச்சம்தான் உண்மையிலை கையிலை. நான் ஜேர்மனியிலை தொண்டராத் தீயணைப்பிலை நிக்கிறன். இஞ்சை 270க்குக் குறைஞ்ச சிலிண்டரோடை உள்ளுக்கு விடமாட்டினம். சூட்டிலை அவசரமா நிரப்பினா கேஜ் 300 காட்டும், ஆறினா இறங்கும். 60 பாகையிலை 300 எண்டால் 30 பாகையிலை 273 அளவுதான். வன்னி வெயிலிலை பிக்கப்புக்குப் பின்னாலை போட்டுக் கொண்டுவந்து கேஜைப் பாத்தா அது பொய் சொல்லும்.

பரந்தன்_வாய்க்கால்
பொடியனைக் காணேல்லை. திரும்பவும் கேக்கிறன், எத்தினையிலை தொடங்கினீர்?

இரணைமடு_அக்கா
நான் தீயணைப்பு இல்லை, தாதி. மூச்சை நிப்பாட்டச் சொன்ன தம்பிக்கு ஒண்டு. எங்களை மூச்செடுக்கச் சொல்லித் தள்ளுறது ஒட்சிசன் குறையிறதை விட காபனீரொட்சைட்டு கூடுறதுதான். வேலை செய்துகொண்டு பிடிச்சு வைச்சா அது இரத்தத்திலை ஏறும், தலையிடிக்கும், பிறகு நாய் இளைக்கிறமாதிரி இளைச்சு மிச்சம்பிடிச்சதை விட ரெண்டு மடங்கு இழுப்பான். நல்லா வெளிய விடுறதுதான் முக்கியம். விடேக்கை "ம்ம்ம்" எண்டு மெல்லமா முனகி விடச் சொல்லிப் பழக்கிறவை, மூச்சு தானா நீளும். மற்றது, மத்தியான வெயிலிலை தண்ணி குடியாமலோ பழகினனீர்? உடம்பு கொதிச்சா மூச்சும் கூடும்.

சிலாவத்தைச்_சங்கு
அக்கா சொன்னா ஏற்கிறன். அடியிலை அசையாமல் இருக்கேக்கை நிப்பாட்டிறதும் பாரத்தோடை நிப்பாட்டிறதும் வேறைதான். லீடிங் சொன்னதுக்காக இல்லை.

நெடுங்கேணிப்பொடியன் · செவ்வாய் காலை 6.15
மன்னிக்கோணும், வேலை. தாடி இல்லை, ஞாயிறுதான் வழிச்சது. 6 லீட்டர் இரும்புச் சிலிண்டர். 240இலை தொடங்கினனான். அவன் 270. செட்டைப் போட்டுக்கொண்டு வரிசையிலை நிண்டனான், முன்னுக்கு ரெண்டு சோடி போனது.

பரந்தன்_வாய்க்கால்
வரிசையிலை நிக்கேக்கை மாஸ்க்கும் போட்டோ?

நெடுங்கேணிப்பொடியன்
ஓம். ஒரு நாலரை நிமிசம் இருக்கும். அவன் வாசலிலைதான் போட்டவன், பஞ்சி பிடிச்சவன்.

பரந்தன்_வாய்க்கால்
இதை முதலே சொல்லியிருந்தா இந்தக் கடற்சண்டை வந்திராது. 240இலையிருந்து விசில் வாற 55 வரைக்கும் 185 பார், 6ஆலை பெருக்கினா 1110 லீட்டர். 12 நிமிசத்தாலை பிரிச்சா நிமிசத்துக்கு 92, அது பாத்தால் பயம். ஆனா நீர் சுவாசிச்சது 16½ நிமிசம். 67 வருது. உம்மடை கூட்டாளி 270இலையிருந்து 140க்கு 12 நிமிசம், 65. ரெண்டு பேரும் ஒண்டுதான். அவன்ரை கெட்டித்தனம் வாசலிலை மாஸ்க் போட்டது மட்டும்தான். நக்கலடிச்சவைக்கு இந்தக் கணக்கைக் காட்டும்.

"30 நிமிசம்" எண்டதை நம்பாதையும். நிமிசத்துக்கு 40 லீட்டர் எண்டு வைச்சு வாற 40 நிமிசத்திலை கடைசிப் பத்தைப் பாதுகாப்புக்குக் கழிச்ச கணக்கு அது. ஹோஸ் இழுத்து முழங்காலிலை ஊருற ஆள் 60ஐத் தாண்டுறது வழமை. இப்ப கன இடத்திலை கணக்கையே 50இலைதான் போடுகினம்.

மற்றது 240. சூடு ஆறி அவ்வளவு இறங்காது. ஆரோ பாவிச்சுப்போட்டுச் சொல்லாமல் கொழுவியிருக்கவேணும், இல்லாட்டிக் கசியுது. போட முன்னம் வால்வைத் திறந்து பூட்டிப்போட்டு ஒரு நிமிசம் கேஜைப் பாரும். பத்துப் பாருக்கு மேலை இறங்கினா அந்தச் செட்டைத் தொடாதையும்.

லீடிங்_ஓய்வு
நான் ஆளைக் காணாமல் சொன்னது தாடி எண்டு. கசிவு எண்டதும் அதே வகைதான்.

மாங்குளம்_மோட்டர்ஸ்
அப்ப குறைய நிரப்பியிருக்கிறாங்கள் எண்டு நான் சொன்னது? 😀

ரூர்_ஆத்தங்கரை
தம்பி, பரீட்சைக்கு மட்டுமில்லை, உண்மையான நெருப்புக்கும் ஒண்டு. விசில் அடிச்சா வெளிக்கிடலாம் எண்டு நினையாதை. விசில் கேக்கேக்கை நீ வாசலுக்கு வெளிய நிக்கவேணும். எங்கடை விதி, வேலையிடத்துக்குப் போக 40 பார் முடிஞ்சா திரும்ப 80ஐ ஒதுக்கி வைக்கிறது. வரேக்கை களைப்பு, ஹோஸ் சுத்துப்படும், ஆரையும் இழுத்துக்கொண்டும் வரவேண்டிவரும். சோடியிலை ஆற்ரை கேஜ் குறையவோ அவர்தான் ரெண்டு பேருக்கும் மணிக்கூடு. மற்றவனுக்கு 140 கிடந்தாலும் உன்னோடை சேந்து வெளிய வந்தானோ?

நெடுங்கேணிப்பொடியன்
இல்லை. நான் தனிய வந்தனான்.

ரூர்_ஆத்தங்கரை
அதுதான் பிழை. 12 நிமிசம் இல்லை.

லீடிங்_ஓய்வு
இதிலை நான் மறுக்கேல்லை. சோடியைப் பிரிக்கிற ஆளை நான் வேலையிலை நிக்கேக்கை அண்டைக்கே வீட்டை அனுப்பிப்போடுவன். 2016 செப்டெம்பரிலை கிளிநொச்சிச் சந்தை எரியேக்கை செட்டும் இல்லை ஒண்டும் இல்லை, ஈரச் சாரத்தை மூக்கிலை கட்டிக்கொண்டு கடைக்குள்ள ஓடின சனத்தைக் கண்டனான். இப்ப செட் இருக்கு, பாவிக்கத் தெரியேல்லை.

சிலாவத்தைச்_சங்கு
அண்ணை, ஈரச் சாரம் கரும்புகையை மறிக்குமோ?

லீடிங்_ஓய்வு
கரியைக் கொஞ்சம் மறிக்கும். காபனோரொட்சைட்டை மறிக்காது.

மாங்குளம்_மோட்டர்ஸ்
சங்கண்ணை, உங்கடை கொம்பிரசரிலை இந்தப் பொடியளின்ரை சிலிண்டரை நிரப்பிக் குடுத்தா என்ன? கிட்டத்தானே.

சிலாவத்தைச்_சங்கு
என்ரை மெசின் 200 மட்டும்தான் ஏத்தும். மூண்டிலை ரெண்டு பங்கோடை அனுப்பிப்போட்டுப் பிறகு இந்த இழையிலை நான் பேச்சு வாங்கவோ? வடிகட்டியும் மாத்தி மாசக்கணக்கு.

லீடிங்_ஓய்வு
அதை முதல் மாத்தும். அதை நீரும் சுவாசிக்கிறீர்.

நெடுங்கேணிப்பொடியன் · சனி மாலை 4.02
பாஸ். 280இலை தொடங்கி வாசலிலை மாஸ்க் போட்டனான். 20 நிமிசத்திலை 80ஓடை ரெண்டு பேரும் வெளிய. முனகினதுக்கு மாஸ்டர் என்னடா பாட்டுப் பாடுறாய் எண்டார். 240 சிலிண்டரிலை வால்வடியிலை சவுக்காரத்தண்ணி விட்டுப் பாத்தம், நுரைச்சது. எல்லாருக்கும் நன்றி.

பரந்தன்_வாய்க்கால்
நல்லது. அந்தச் சிலிண்டரைத் தனிய எடுத்து அடையாளம் கட்டி வைச்சாச்சோ, இல்லாட்டித் திரும்ப ராக்கையிலையோ?

பரந்தன்_வாய்க்கால் · புதன்
தம்பி?