டேவிட் ஹிக்ஸ்: விசாரணை இல்லாமல் அடைபட்ட குடிமகனை ஆஸ்திரேலியா ஏன் கேட்டு வாங்கவில்லை?

கேள்வி – நன்மாறன்

ஆப்கானிஸ்தானில் பிடிபட்டு, கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவில் அடைக்கப்பட்ட ஆஸ்திரேலியர் டேவிட் ஹிக்ஸ். அவர் விவகாரத்தைப் பற்றி எங்கு பேச்சு வந்தாலும் இரண்டே கட்சிதான். "குற்றத்தை ஒப்புக்கொண்ட பயங்கரவாதி" என்பது ஒன்று, "தண்டனையே ரத்தாகிவிட்டது, அப்பாவி" என்பது மற்றொன்று. இரண்டிலுமே ஏதோ விடுபடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். பிரிட்டன் தன் ஆட்களை மீட்டபோது ஆஸ்திரேலியா ஏன் மீட்கவில்லை? ஐந்து ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்தவர் 2007 மார்ச்சில் திடீரென்று ஏன் ஒப்புக்கொண்டார்? குடிமகனை மீட்டு வரும்படி ஒரு நாட்டின் நீதிமன்றம் தன் அரசுக்கே உத்தரவிட முடியாதா?

பதில் – செங்கதிர்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2001 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில், தாலிபானை எதிர்த்துப் போரிட்ட வடக்குக் கூட்டணியிடம் பிடிபட்டு அமெரிக்கப் படையிடம் ஒப்படைக்கப்பட்டார். 2002 ஜனவரியில் குவாண்டனாமோ. முதல் குற்றச்சாட்டு வந்தது 2004 ஜூனில். இன்ன குற்றம் என்று எழுத்தில் சொல்லாமலே ஏறத்தாழ இரண்டரை ஆண்டு வைத்திருந்தார்கள்.

பிரிட்டன் தன் குடிமக்கள் ஒன்பது பேரையும் மீட்டது. 2004 மார்ச்சில் ஐந்து பேர், 2005 ஜனவரியில் மீதி நான்கு பேர். எந்த நீதிமன்றமும் உத்தரவிட்டு அது நடக்கவில்லை, அரசு கேட்டது, கிடைத்தது. குவாண்டனாமோ கைதிகளை விசாரிக்க அமைத்த தனி நீதிமன்றங்களான அமெரிக்க ராணுவ ஆணையங்கள் நியாயமான விசாரணைக்குரிய தரத்தில் இல்லை என்று அவர்களுடைய அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் வெளிப்படையாகவே சொன்னார். அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் ஹோவர்டின் அரசோ மரண தண்டனை கேட்கமாட்டோம் என்பது போன்ற சில உறுதிகளை 2003 நவம்பரில் வாங்கிக்கொண்டு, அதே ஆணையம் போதும் என்று இருந்துவிட்டது. மம்தூ ஹபீப் என்ற இன்னொரு ஆஸ்திரேலியர் மீது வழக்குப் போடுவதில்லை என்று அமெரிக்கா முடிவெடுத்ததும் 2005 ஜனவரியில் அவரை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஆக வழக்கு இல்லாதவர் வரலாம், வழக்கு உள்ளவர் எத்தனை ஆண்டானாலும் அங்கேயே காத்திருக்க வேண்டும் என்பதுதான் நடைமுறையில் இருந்த கொள்கை.

அரசு சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். பயங்கரவாதக் குற்றங்கள் ஆஸ்திரேலியக் குற்றவியல் சட்டத்தில் சேர்ந்தது 2002இல். ஹிக்ஸ் செய்ததாகச் சொல்வது அதற்கு முந்தையது. முன்தேதியிட்டுச் சட்டம் போட்டு ஒருவரைத் தண்டிப்பது தவறு, அதனால் இங்கே விசாரிக்க வழியில்லை என்றார்கள். கொள்கை சரிதான். ஆனால் 2007இல் அவர் மேல் மிஞ்சிய ஒரே குற்றச்சாட்டான "பயங்கரவாதத்துக்குப் பொருளுதவி" என்பது, ராணுவ ஆணையங்கள் விசாரிக்கக்கூடிய குற்றமாக 2006 அக்டோபரில் அமெரிக்கா இயற்றிய சட்டத்தில்தான் வந்தது. தன் நாட்டில் கூடாது என்று சொன்ன அதே முன்தேதியை இன்னொரு நாடு தன் குடிமகன் மேல் பிரயோகித்தபோது அந்த அரசு ஏற்றுக்கொண்டது. விவாதத்தின் உயிர்நாடி இதுதான் என்பேன். அவர் நல்லவரா கெட்டவரா என்று பேசும்போது இது காணாமல் போய்விடுகிறது.

பதில் – கலைவாணி ம.

ஒப்புதல் நடந்த விதத்தைச் சொல்கிறேன். 2007 மார்ச் 26 அன்று ஆஜரானபோது ஹிக்ஸுக்கு மூன்று வழக்கறிஞர்கள் இருந்தார்கள். அவர்களில் ஜோஷுவா டிராட்டெல் ராணுவத்தைச் சேராத வழக்கறிஞர். இன்னும் எழுதி முடிக்காத விதிகளுக்குக் கட்டுப்படுவதாக முன்கூட்டியே கையெழுத்துப் போட மறுத்தார். நீதிபதி அவரை வெளியேற்றினார். இன்னொருவரும் ஆஜராக முடியாமல் போயிற்று. மிஞ்சியது ராணுவம் நியமித்த மேஜர் மைக்கேல் மோரி மட்டும். அன்று மாலையே ஒப்புதல்.

அதுவும் "ஆல்ஃபர்ட்" வகை ஒப்புதல். "அரசுத் தரப்பிடம் உள்ள ஆதாரம் என்னைத் தண்டிக்கப் போதும்" என்பதை ஏற்பதுதான் அது, நடந்ததையெல்லாம் ஏற்பது ஆகாது. பிறகு ராணுவ அதிகாரிகள் குழு ஏழு ஆண்டு என்று சொன்னது. பேரம் ஏற்கெனவே முடிந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பேரப்படி ஒன்பது மாதம் சிறை, மீதி நிறுத்திவைப்பு. தன்னைச் சட்டவிரோதமாக நடத்தவில்லை என்று எழுதித் தர வேண்டும், வழக்குப் போடக் கூடாது, ஓராண்டு ஊடகத்திடம் வாய் திறக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். ஆஸ்திரேலியப் பொதுத் தேர்தல் அதே ஆண்டு நவம்பரில். இந்த ஓராண்டு வாய்ப்பூட்டு யாருக்குப் பயன் என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத காத்திருப்பு. ஒப்புக்கொண்டதால் மே மாதம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர யத்தாலா சிறை, டிசம்பர் 29 விடுதலை. முடிவுத் தேதி இல்லாமல் அடைத்து வைத்திருக்கும் இடத்தில் கிடைக்கும் ஒப்புதலை வேறு எந்த வழக்கின் ஒப்புதலோடும் ஒன்றாக வைத்து எடைபோடக் கூடாது.

பதில் – வேல்முருகன்_எஸ்

ஒரு பக்கமாகவே போகிறது. லஷ்கர்-ஏ-தொய்பாவிடம் பயிற்சி, பிறகு ஆப்கானிஸ்தானில் அல்-கொய்தா முகாம். இதை அவர் தரப்பே மறுக்கவில்லையே. போர்க்களத்தில் பிடிபட்டவரைப் போர் முடியும்வரை வைத்திருக்கப் போர்ச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு விசாரணை தேவையில்லை.

பதில் – இளவேனில்

@வேல்முருகன்_எஸ், போர்க்கைதி என்றால் ஜெனீவா உடன்படிக்கையின் பாதுகாப்பும் கூடவே வரும், சந்தேகம் எழுந்தால் தகுதியான தீர்ப்பாயம் அவரது நிலையை முடிவு செய்ய வேண்டும். புஷ் நிர்வாகம் போர்க்கைதி நிலையைத் தர மறுத்தது. குற்றவாளி என்றால் வழக்கமான நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதையும் செய்யவில்லை. பயிற்சி பெற்றார் என்பது உண்மை. அதைச் சொன்னால் இந்த இரண்டில் எதுவும் தேவையில்லை என்று ஆகிவிடாது.

நன்மாறன், உங்கள் மூன்றாவது கேள்வி. ஆட்கொணர்வு மனு என்பது ஆளை யார் பிடித்து வைத்திருக்கிறாரோ அவர் மேல் போடுவது. பூட்டு அமெரிக்காவின் கையில் இருந்தது, அதனால் முதல் வழி அமெரிக்க நீதிமன்றம்தான். ஹிக்ஸும் ஒரு மனுதாரராக இருந்த ரசூல் எதிர் புஷ் வழக்கில் 2004 ஜூன் 28 அன்று அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005, 2006 சட்டங்களால் அமெரிக்க நாடாளுமன்றம் அதை மறுபடி அடைத்தது. 2008 ஜூனில் பூமெதீன் என்ற இன்னொரு குவாண்டனாமோ கைதியின் வழக்கு அந்த வழியை மீண்டும் திறந்தபோது ஹிக்ஸ் ஊர் திரும்பி ஓராண்டு ஆகிவிட்டது.

சொந்த நாட்டு நீதிமன்றம் வெளியுறவு விஷயத்தில் அரசுக்குக் கட்டளையிடத் தயங்கும். 2002இல், குவாண்டனாமோவில் இருந்த பிரிட்டிஷ் குடிமகன் அப்பாசியின் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் குவாண்டனாமோவைக் கடுமையாக விமர்சித்தது, ஆனால் அமெரிக்காவிடம் கேட்கும்படி வெளியுறவு அமைச்சருக்கு உத்தரவிட மறுத்தது. குடிமகனின் கோரிக்கையை அரசு முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது என்ற அளவோடு நின்றது. ஆஸ்திரேலியாவில், தன்னை மீட்க அரசு கேட்காததை எதிர்த்து அட்டர்னி ஜெனரல் ரட்டக் மேல் ஹிக்ஸ் தொடுத்த ஹிக்ஸ் எதிர் ரட்டக் வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும்படி அரசு கேட்டதை 2007 மார்ச் 8 அன்று நீதிபதி டாம்பர்லின் மறுத்தார். மூன்றே வாரத்தில் ஒப்புதல் வந்துவிட்டதால் அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்காமலே போனது. தாய் வழியில் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கி அந்த அரசின் மூலம் வெளிவரவும் முயன்றார். 2006 ஜூலையில் கொடுத்தார்கள், சில மணி நேரத்தில் பறித்தார்கள்.

ரத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2015 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் ராணுவ ஆணைய மறுஆய்வு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. அந்தக் குற்றத்தை முன்தேதியிட்டு ராணுவ ஆணையத்தில் சுமத்த முடியாது என்பதே காரணம், அதாவது செங்கதிர் சொன்ன அதே ஓட்டை. முகாமுக்குப் போனாரா இல்லையா என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை. ஆகவே "நிரபராதி என்று தீர்ப்பு" என்று எழுதாதீர்கள், "குற்றவாளி" என்றும் எழுத முடியாது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அப்படிப்பட்ட தண்டனையின் மிச்சத்தை அடிலெய்டில் ஏழு மாதம் நிறைவேற்றியது தன்னிச்சையான சிறைவைப்பு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு பின்னர் முடிவு செய்தது. அந்த முடிவு அமெரிக்காவுக்கு எதிரானது அல்ல, ஆஸ்திரேலியாவுக்கு எதிரானது.