ஷண்ட் வைத்த பிள்ளை பால் கக்கினால் உரம் எடுக்கலாமா?

தங்கச்சிமடம்_செவிலி:
எட்டு மாத ஆண் குழந்தை, தலையில் நீர். மதுரையில் மூளையிலிருந்து வயிற்றுக்கு ஷண்ட் (நீரை வடிக்கும் குழாய்) வைத்து ஏழு வாரம் ஆகிறது. பால் கக்கினால் 'உரம் (சுளுக்கு) விழுந்திருக்கும், எடுத்தாச் சரியாப் போயிரும்' என்கிறார் பாட்டி. அடுத்த மாதம் ஏர்வாடியில் முடியிறக்க வேண்டுமாம். என்ன சொல்லட்டும்? மதுரைக்கு எப்போது கிளம்பணும் என்பதற்கும் ஒரு தெளிவான அடையாளம் வேண்டும். இங்கிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நரம்பறுவை_மேசை:
உரம் வேண்டவே வேண்டாம். சேலையில் போட்டு உருட்டுவதும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் ஷண்ட் இல்லாத பிள்ளைக்கே ஆகாது. அதைவிட, உரம் எடுப்பவர் வீடு தேடி அலைவதில் போகிற நேரம்தான் பெரிய ஆபத்து. வாந்தி உண்டு, வயிற்றுப்போக்கு இல்லை என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை ஷண்ட் அடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூளைக்குள் இருக்கிற குழாய் நுனியில் பொடிப்பொடி ஓட்டைகள் இருக்கும். மூளைநீரைச் சுரக்கும் கோராய்டு திசுவே அதற்குள் வளர்ந்து அடைக்கும். ரத்தத் துணுக்கும் அடைக்கும். பிள்ளைகளுக்கு வைக்கும் ஷண்டில் மூன்றில் ஒன்றுபோல முதல் வருடத்திலேயே பழுதாகிறது. வைத்தவர் கைக்குற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உச்சிக்குழியைப் பிள்ளை அழாதபோது, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துத் தடவுங்கள். அழும்போது எந்தப் பிள்ளைக்கும் புடைக்கும். நிமிர்ந்திருக்கும்போதும் விறைப்பாக இருந்தாலோ, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்தாலோ, எழுப்பினாலும் தூக்கம் தெளியாவிட்டாலோ அன்றே கிளம்ப வேண்டும். வலிப்பு வந்தால் உடனே 108.

தலைச்சுற்றளவை வாரம் ஒருமுறை எழுதிவையுங்கள். ஒரே டேப், புருவத்துக்குச் சற்று மேலே, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி. இந்த வயதில் மாதத்துக்கு அரை சென்டிமீட்டர் போலத்தான் கூடும். ஒரே வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் அளவு தப்பா என்று மறுபடி அளந்து பாருங்கள். தப்பில்லை என்றால் கிளம்புங்கள்.

உச்சிக்குழி ரொம்ப உள்வாங்கியிருந்தால் இரண்டு காரணம் உண்டு: நீர் வற்றியிருக்கலாம், இல்லை ஷண்ட் அளவுக்கு மீறி இழுக்கலாம். இந்தக் கடற்கரை வெயிலில் முதலாவதுதான் என்று விட்டுவிடாதீர்கள். அதிகமாக இழுத்தால் மூளை சுருங்கி, மேலுறைக்கடியில் ரத்தம் கட்டும்.

வார்டு_சிஸ்டர்:
முடியிறக்கம் அடுத்த மாதம் வேண்டாம். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் மொச்சைக்கொட்டை போல ஒரு புடைப்பு தட்டுப்படும், அதுதான் நீர் வடியும் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு. மேலே தோல் மெலிசு. சவரக்கத்தி ஒரு கீறு கீறினால் தோல்கிருமி உள்ளே போக அது போதும். காயம் முழுக்க ஆறி, டாக்டர் சரி சொன்ன பிறகும் அந்த இடத்தில் பிளேடு படாமல் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். நேர்த்திக்கு அது போதும் என்று பாட்டியிடம் நீங்கள்தான் பேசணும்.

தூளியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! துணி தலையை இறுக்கிப் பிடிக்கும், பிள்ளை வால்வுப் பக்கமே சாய்ந்து மணிக்கணக்கில் தூங்கும். அந்த அழுத்தத்தில் தோல் சிவந்து புண்ணாகி வால்வு வெளியே தெரிந்துவிடும். கொஞ்ச நாளைக்குப் பாய்தான், தலையை மறுபக்கம் திருப்பி. குளிப்பாட்டும்போது அங்கே எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கவும் கூடாது, 'வேலை செய்யுதா' என்று வால்வை அமுக்கிப் பார்க்கவும் கூடாது.

கிருமித்தொற்று பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வரும். காரணம் தெரியாத காய்ச்சல், குழாய் போகும் வழியில் கழுத்திலோ நெஞ்சிலோ சிவப்பு, தையலில் கசிவு இருந்தால் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி ஊற்றாதீர்கள். காய்ச்சல் அரைகுறையாக அடங்கும், ஷண்டில் எடுக்கும் நீரின் கல்ச்சரில் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது. தொற்று உறுதியானால் பெரும்பாலும் ஷண்டையே எடுத்து, நீரை வெளியே வடியவிட்டு, ஊசிமருந்து போட்டு, நீர் சுத்தமான பிறகுதான் புதிது வைப்பார்கள்.

கீழக்கரை_ஃபிசியோ:
செல்போன், ஸ்பீக்கர் எதையும் பிள்ளை பக்கத்தில் வைக்காதீர்கள். காந்தம் வால்வைத் திருப்பிவிடும்.

நரம்பறுவை_மேசை:
வெளியிலிருந்து அழுத்தத்தை மாற்றக்கூடிய வால்வுக்குத்தான் அது. அதற்கும் காந்தப் பொருளைத் தலையை ஒட்டி வைக்காமல் இருந்தால் போதும். எம்ஆர்ஐ எடுத்தால் மட்டும் பிறகு அளவைச் சரிபார்க்க வேண்டும். அழுத்தம் மாறாத வால்வுக்கு இந்தக் கவலை இல்லை. எந்த வகை என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள்.

தங்கச்சிமடம்_செவிலி:
சம்மரியில் மீடியம் பிரஷர், மாற்ற முடியாதது என்று இருக்கிறது. இன்னொன்று: வலது விரைப்பை வீங்கியிருக்கிறது, வலி இல்லை.

நரம்பறுவை_மேசை:
வயிற்றுக்கு வரும் நீர், வயிற்றுக்கும் விரைப்பைக்கும் நடுவே மூடாமல் இருக்கும் வழியில் கீழே இறங்குகிறது. ஆண் பிள்ளைகளுக்கு இது வரக்கூடியதுதான். குடலும் சேர்ந்து இறங்கலாம் என்பதால் இந்த வாரமே காட்டுங்கள். வீக்கம் கெட்டியாகி, பிள்ளை வீறிட்டால் அது அவசரம். அபூர்வமாகக் குழாய் குடலைத் துளைத்து ஆசனவாய் வழியே நுனி தெரியும். இழுக்காதீர்கள், உள்ளேயும் தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி அப்படியே கொண்டுவரணும்.

அவசரமாகக் கிளம்பும்போது பிள்ளை மயக்கமாக இருந்தால் நேரே மதுரைக்கு ஓட வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூச்சையும் வலிப்பையும் கட்டுப்படுத்திவிட்டு அனுப்பட்டும். பழைய சிடி ஃபிலிமை மறக்காதீர்கள். ஷண்ட் அடைத்தும் சில பிள்ளைகளுக்கு மூளைக்குள் இருக்கும் நீரறை பெரிதாகத் தெரியாது, பழையதோடு ஒப்பிட்டால்தான் புரியும். வாந்தி இருந்தால் வழியில் பால் கொடுக்காமல், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் முதலில் அதைத்தான் கேட்பார்.