ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்: அகழியின் மேற்குப் பக்கம் நிரம்பவே மாட்டேங்குது

வணக்கம், காரைக்குடியிலிருந்து எழுதுறேன். குள்ளர்களை வச்சுக் கோட்டை கட்டி ஆளுற கணினி விளையாட்டுதான் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ். நான் ஆடுறது ஸ்டீம் கடையில வர்ற பதிப்பு, விளையாட்டுக் கணக்குல கோட்டைக்கு இப்ப மூணாவது வருஷம். சுற்றிலும் 3 கட்டம் அகலம், ஒரே தளம் ஆழத்துக்கு அகழி வெட்டி, கிழக்கே ஓடுற ஆத்திலிருந்து ஒத்தைக் கட்டம் அகலத்துல சுரங்கம் வச்சு, நடுவுல மதகும் லீவரும் போட்டிருக்கேன்.

மதகைத் திறந்தா கிழக்குப் பக்கம் தண்ணி 7/7, அதாவது கட்டம் முழுக்க நிறைஞ்சு வந்துடுது. மேற்கே போகப் போக 2, அப்புறம் 1. அந்த 1 கொஞ்ச நேரத்துல ஆவியாகி, தரையில சேறு மட்டும் மிச்சம். ஒரு முழு வருஷம் மதகை மூடாமலே பார்த்தாச்சு, அதே கதைதான். கோட்டையைத் தாக்க வர்ற காப்ளின் கூட்டம் அந்தப் பக்கமாத்தான் காலாற இறங்கி வருது.

சேனல் (மேலிருந்து தோண்டுற பள்ளம்) வெட்டும்போது கீழே நிக்கிற சரிவுகளை எல்லாம் எடுத்துட்டேன். மதகைப் பிரிச்சு மறுபடி மாட்டினேன். தண்ணி எங்கேயும் கசியலை, ஒவ்வொரு கட்டமாப் பார்த்தேன்.

திரையை எட்டிப் பார்த்த அப்பத்தா, "வரத்துக்கால் ஒடுக்கமா இருந்தா ஊரணி எப்புடிடா நெறையும்?"னு கேட்டுட்டுப் போனாக. அவுக சொல்றது சரின்னுதான் எனக்கும் படுது. ஆனா அதை அகலப்படுத்த ஆத்தை மறுபடி உடைக்கணும். போன தடவை அதுல ரெண்டு குள்ளர்கள் மூழ்கிட்டாங்க.

சுரங்கத்தை 3 கட்டமா அகலப்படுத்தினா போதுமா, இல்லை மேற்கே ஸ்க்ரூ பம்ப் (தண்ணி இறைக்கிற கருவி) வச்சே ஆகணுமா?