டேகேர் மானியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள், ஏன்? (அவசரம்)

நைட்ஷிப்ட்: வணக்கம். போன நிதியாண்டுக்கான டேகேர் மானியம் கூடுதலாக வந்துவிட்டதாம், 1,110 திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. எனக்கு கேஷுவல் வேலை, வாரத்துக்கு வாரம் சம்பளம் மாறும். அதனால் கொஞ்சம் வித்தியாசம் வரும் என்று தெரியும். ஆனால் நாங்கள் வரிக் கணக்கில் காட்டியதைவிட 20,000 அதிகமாக எங்கள் வருமானத்தைப் போட்டிருக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது? வேலைக்குக் கிளம்புகிறேன், இடைவேளையில் பார்க்கிறேன்.

தேம்ஸ்கரை: பிரிட்டனா? இருவரில் ஒருவருக்கு வருமானம் 1 லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டதா? தாண்டினால் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் என்ற இங்கத்திய டேகேர் உதவி முழுவதுமே போய்விடும். பென்ஷனில் கூடுதலாகப் போடுங்கள், கணக்கில் வருமானம் குறையும். நாங்கள் அப்படித்தான் தப்பித்தோம்.

கணக்குப்பிள்ளை: எந்த நாடு, எந்த ஆண்டு, எத்தனை பிள்ளைகள், முதலில் கொடுத்த வருமான மதிப்பீடு எவ்வளவு? இந்த நான்கும் இல்லாமல் கேள்வி போடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? கேஷுவல் வேலைக்காரர்கள் செய்கிற தப்பு ஒன்றுதான். வேலை குறைவாக இருந்த மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, அதுதான் ஆண்டு வருமானம் என்று கொடுத்துவிடுவீர்கள். அடிப்படைக் கணக்கு இது.

இருபிள்ளைஅப்பா: ஆஸ்திரேலியாவாக இருந்தால் வருகைப் பதிவை முதலில் பாருங்கள். காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று ஆண்டுக்கு 42 நாள் வரைதான் வராத நாளுக்கும் மானியம் தருவார்கள். நான் வாரம் தவறாமல் பார்த்துவிடுவேன். பெரும்பாலும் அங்கேதான் சிக்கல்.

கணக்குப்பிள்ளை: அவர் கேட்பது வருமானத்தை. நீங்கள் எந்தக் கேள்விக்கும் வருகைப் பதிவையே சொல்கிறீர்கள்.

மலைச்சாரல்: இத்தனை தலைவலி எதற்கு? ஊரிலிருந்து அம்மாவை வரவழையுங்கள். பிள்ளைக்கும் தமிழ் வரும்.

தேம்ஸ்கரை: என் அம்மா ஆறு மாதம் இருந்தார். முட்டி வலியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். ஒருநாள்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. திரும்பிப் போன பிறகுதான் வலி எவ்வளவு என்று எங்களுக்குத் தெரிந்தது. தயவுசெய்து இதைச் சுலபமான வழி என்று சொல்லாதீர்கள்.

மலைச்சாரல்: எல்லா அம்மாவும் அப்படி இல்லை. என் அம்மாவுக்குப் பேரனோடு இருந்த அந்த ஒரு வருஷம்தான் சந்தோஷமான வருஷம். அவரே சொன்னது.

இருபிள்ளைஅப்பா: சந்தோஷம் சரி, விசா? பெற்றோர் விசாவுக்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று தெரியுமா உங்களுக்கு?

நைட்ஷிப்ட்: மன்னிக்கவும், விவரம் இல்லாமல் எழுதிவிட்டேன். மெல்பர்ன், 2023-24, ஒரு பிள்ளை. மதிப்பீடு 1 லட்சம் கொடுத்தோம். வரிக் கணக்கில் இருவருக்கும் சேர்த்து 1.2 லட்சம். அவர்கள் கணக்கில் 1.4 லட்சம். டேகேருக்கு வாரம் 600 டாலர், ஆண்டில் 50 வாரம்.

வாய்க்கால்: தோழி, உங்கள் கணவர் சம்பளத்திலிருந்து சூப்பருக்கு, அதாவது ஓய்வுக்கால நிதிக்கு, சாலரி சாக்ரிஃபைஸ் (வரிக்கு முன்பே பிடித்துப் போடுவது) செய்கிறாரா? வாடகைக்கு விட்ட வீடு இருக்கிறதா? வரிக்கு அவை கழியும், மானியத்துக்குக் கழியாது. அந்தச் சூப்பர் தொகையையும் வாடகை வீட்டு நஷ்டத்தையும் வருமானத்தோடு திரும்பச் சேர்த்துவிடுவார்கள். தேம்ஸ்கரை சொன்னதற்கு நேர் எதிர்.

அந்த ஆண்டில் குடும்ப வருமானம் 80,000 டாலர் வரை இருந்தால் கட்டணத்தில் 90 சதவீதம் மானியம், அதற்கு மேல் ஒவ்வொரு 5,000க்கும் 1 சதவீதம் குறையும். 1 லட்சத்துக்கு 86. 1.4 லட்சத்துக்கு 78. 600 டாலரில் 8 சதவீதம் என்றால் வாரம் 48. மானியத்தில் 5 சதவீதத்தை முன்னெச்சரிக்கையாகப் பிடித்து வைப்பார்கள் இல்லையா, அது 25.80 (600இல் 86 சதவீதம் 516, அதில் 5 சதவீதம்). மீதி 22.20, அதை 50ஆல் பெருக்கினால் 1,110. உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே தொகை.

1.2 லட்சம்தான் உண்மை என்றால் பிடித்து வைத்ததிலேயே அடைபட்டிருக்கும், கடிதமே வந்திருக்காது. அந்த 20,000தான் உங்களை இழுத்துவிட்டது. இனிமேல் ஷிப்ட் கூடினால் உடனே மைகவ் என்ற அரசு இணையதளத்தில் மதிப்பீட்டை மாற்றுங்கள். அந்த வாரச் சம்பளத்தை வைத்து அல்ல, ஜூலையிலிருந்து ஜூன் வரை மொத்தம் என்ன வரும் என்று பார்த்து. பிடித்து வைக்கும் சதவீதத்தையும் கூட்டச் சொல்லலாம். மாசா மாசம் கொஞ்சம் இறுக்கும், ஆனால் இப்படி மொத்தமாக வந்து விழாது.

கணக்குப்பிள்ளை: நான் சொல்ல வந்ததும் இதுதான். 80,000 என்ற எல்லை பிறகு உயர்ந்திருக்கிறது, பழைய எண்ணை வைத்து இந்த ஆண்டுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

மலைச்சாரல்: விசா கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். விசிட்டர் விசாவில் வந்தால்?

நைட்ஷிப்ட்: இடைவேளையில் கணவரிடம் பேஸ்லிப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வரி பிடித்ததற்கு மேல் வரிசையில் சூப்பருக்கு மாதம் 1,000 என்று இருக்கிறது. வீட்டு நஷ்டம் 8,000. இரண்டும் சேர்ந்தால் சரியாக 20,000. தவணையில் கட்டக் கேட்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி, பெல் அடிக்கிறது, போகிறேன்.